ஆறு பேரும் ஒரு ஊரும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கோவையில் மனநல ஆலோசகர். இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் ஆறு பேர் கூடி சுவிஸ் உளவியலாளர் யுங்கை வாசிக்கிறோம். நான், என் மனைவி, என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண், இரண்டு டாக்டர்கள், ஒரு பேராசிரியர். ஒரு குடும்பம் மாதிரி. இதையே யுங்கிய பகுப்பாய்வாளர்களுக்கான, அதாவது யுங்கின் வழியில் கனவையும் ஆழ்மனதையும் பேசிப் பார்த்துச் சிகிச்சை தருகிறவர்களுக்கான, பயிற்சி வட்டமாக வளர்க்க ஆசை. பாடத்திட்டம் எப்படி அமைக்கலாம்? சான்றிதழுக்கு என்ன வழி? 1938ல் இங்கே இருந்த யுங், திருவண்ணாமலைக்குப் போய் ரமணரைப் பார்த்திருந்தால் எல்லாமே வேறு மாதிரி ஆகியிருக்குமோ?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ரமணரை விடுங்கள். அதைப் பேச ஆரம்பித்தால் உங்களுக்கு இன்னும் இரண்டு வருட ஞாயிறு போய்விடும். பாடத்திட்டமும் பெரிய காரியமில்லை. சூரிச்சில் 1948ல் தொடங்கிய யுங் நிறுவனம் இருக்கிறது, அவர்கள் என்ன படிக்கச் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். 1955ல் அமைந்த யுங்கிய பகுப்பாய்வாளர்களின் சர்வதேசச் சங்கம், பயிற்சி நிறுவனமே இல்லாத நாட்டுக்காரர்கள் தனியாகச் சேரவும் ஒரு வழி வைத்திருக்கிறது. எழுதிக் கேளுங்கள்.

'ஒரு குடும்பம் மாதிரி' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பகுப்பாய்வாளர் ஆகிறவர் முதலில் தானே பகுப்பாய்வுக்கு உட்கார வேண்டும் என்று வற்புறுத்தியவர்களே யுங்கின் சூரிச்காரர்கள்தான். 1912ல், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டே அதை அவர்கள் கணக்கில் எழுதினார். உங்கள் ஆறு பேரில் யார் யாரிடம் போய் உட்காரப் போகிறீர்கள்? அந்தப் பெண் உங்களைப் பற்றி ஒரு கனவு கண்டால் யாரிடம் சொல்வார்? உங்களிடமா, உங்கள் மனைவியிடமா? இரண்டு வருடம் யுங்கை வாசித்தவருக்கு இது தோன்றவில்லை என்றால் என்னத்தை வாசித்தீர்கள்?

சூரிச்சிலும் இதே கூத்துதான். அமெரிக்க எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரின் மகள் எடித் மெக்கார்மிக் கொடுத்த பணத்தில் 1916ல் உளவியல் மன்றம் தொடங்கியது. முதல் தலைவர் யுங்கின் மனைவி எம்மா. யுங்கிடம் சிகிச்சைக்கு வந்து பிறகு அவருடைய காதலியான டோனி வோல்ஃப் பின்னாளில் அதே மன்றத்துக்குப் பல வருடம் தலைவர். அங்கே ஒருவர் வாய்திறந்து என்ன சொல்லியிருக்க முடியும்? சோவியத் உடைந்த பிறகு ரஷ்யர்கள் கொஞ்சம் சாமர்த்தியமாக இருந்தார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்குக்கு பிரிட்டனிலிருந்து பகுப்பாய்வாளர்கள் பெட்டியோடு வந்து இறங்குவார்கள், சில நாட்களில் அடுத்தடுத்து அமர்வுகளை முடித்துவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு மனசைத் திறப்பது கஷ்டம்தான். ஆனால் வந்தவருக்கு அந்த ஊரில் மச்சான் கிடையாது.

நான் யோக்கியன் என்று இதைச் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் நாங்களும் ஒரு மொட்டை மாடியில் வட்டம் நடத்தினோம். இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்த நண்பர் ஒருவர் வருவார். கடலையை உடைத்துத் தின்றால் தோலைக் கீழே போடமாட்டார், சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ஒருநாள் ஒரு கனவு சொன்னார். செத்துப்போன அம்மா முறத்தில் அரிசி புடைக்கிறாள். கிட்டே போய்ப் பார்த்தால் அத்தனையும் பல். எல்லாம் அவருடைய பால்பற்கள். சொல்லிவிட்டு வெகுநேரம் பையிலிருந்த தோலை நிமிண்டிக்கொண்டே இருந்தார்.

மூன்று மாதத்தில் அது என் சிறுகதையில் வந்துவிட்டது. அம்மாவைப் பாட்டியாக்கியிருந்தேன். அவ்வளவுதான் நான் செய்த மறைப்பு. பத்திரிகை வந்த வாரம் அவர் மாடிக்கு வந்தார். என்னிடம் வாங்கிப்போன இரண்டு புத்தகங்களையும் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தார். இரண்டுக்கும் பிரவுன் தாளில் அட்டை போட்டிருந்தார், அவர் பெண்ணின் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுகிற மாதிரி. ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் வரவும் இல்லை.

அந்தப் பெண்ணை முதலில் வேறு ஊரில் உங்களைத் தெரியாத ஒருவரிடம் அனுப்புங்கள். ரயில் செலவை மற்ற ஐந்து பேரும் பங்குபோட்டுக்கொள்ளுங்கள். போய்வந்து என்ன பேசினார் என்று கேட்காதீர்கள்.