நடுத்தடிமன் சரி, சிலிண்டர் மட்டும் ஏறுகிறதா?

குடியாத்தம் சகோதரருக்கு: அண்ணனுக்கு 38 வயது, ஒரே வருடத்தில் சிலிண்டர் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததைச் சரிக்கட்டும் கண்ணாடி எண்) 2-லிருந்து 5 ஆகிவிட்டது, ஆனால் கருவிழித் தடிமன் 530 மைக்ரான், பயமில்லை என்றார்கள் என எழுதியிருக்கிறீர்கள். அந்த 530 நடுவில் அளந்தது. பெல்லூசிட் மார்ஜினல் டீஜெனரேஷன் என்ற, கருவிழி ஓரம் மெலியும் நோயில் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மெலிவது கீழ் ஓரம். கடிகாரக் கணக்கில் 4-லிருந்து 8 வரை, 1–2 மில்லிமீட்டர் அகலப் பட்டை. புடைப்பு அதற்குச் சற்று மேலே. கண்ணாடிச் சீட்டில் மைனஸ் சிலிண்டரின் ஆக்சிஸ் (கோணம்) 90-ஐ ஒட்டி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

வேலூர் ஆரணி ரோடு ஷெல் கண் மருத்துவமனைக்குப் போனால் கார்னியா (கருவிழி) டாக்டரையே கேளுங்கள். ஓரம்வரை தடிமன் காட்டும் டோமோகிராபி (கருவிழி ஸ்கேன்) வேண்டும். சாஃப்ட் லென்ஸ் என்றால் ஒரு வாரம், ஹார்டு லென்ஸ் என்றால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே கழற்றிவிட வேண்டும். இல்லையேல் படம் பொய் சொல்லும். படத்தில் நண்டுக் கொடுக்கு மாதிரி வந்தாலே முடிவுகட்ட முடியாது, கீழிறங்கிய கெரட்டோகோனஸும் (கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கும் நோய்) அப்படித்தான் தெரியும். ஸ்லிட் லேம்ப் (டாக்டர் விளக்கொளியில் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை), தடிமன் வரைபடம் இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

லேசிக் (கண்ணாடியைத் தவிர்க்கும் லேசர் சிகிச்சை) பேச்சே வேண்டாம். கண்ணைக் கசக்கவும் விடாதீர்கள்.

திடீரென வலித்து, கருவிழி வெளுத்துப் பார்வை மங்கினால் அன்றைக்கே போங்கள். சிவப்பு, வலியோடு மூட்டுவலியும் இருந்தால் அது வேறு நோய், அதுவும் அவசரம்தான்.