துப்புத் துலங்காத கொலையும் தூங்காத கைப்பேசியும்

வாசகர் கேள்வி – பதில்

தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைப் பேசுகின்றன. கொலை நடந்திருக்கிறது, ஆள் பிடிபடவில்லை, வழக்கு மட்டும் வாட்ஸ்அப் குரூப்புகளில் தினமும் விசாரிக்கப்படுகிறது. வழக்கையோ ஆட்களையோ அடையாளம் காட்டும் வரிகளை எடுத்துவிட்டு ஐந்து கடிதங்களை மட்டும் தருகிறோம். மனம் பற்றிய கேள்விகளுக்கு ஒரு மனநல மருத்துவரும், சட்டம் பற்றியவற்றுக்கு ஒரு குற்றவியல் வழக்கறிஞரும் பதில் சொல்கிறார்கள்.

பக்கத்து ஊர்ல ஒரு பொண்ணக் கொன்னு வருஷம் ரெண்டாச்சு. யாரு செஞ்சான்னு இன்னும் தெரியல. அந்தப் பிள்ளைய நான் பாத்ததுகூட இல்ல. ஆனா அதுக்குன்னு இருக்க மூணு குரூப்லயும் இருக்கேன். ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணி வரைக்கும் படிக்கேன். கண்ண மூடுனா அந்தப் போட்டோதான் வருது. பின்வாசல் தாப்பாள மூணு தடவ போய்ப் பாக்கேன். வீட்டுக்காரர், "ஒனக்கு என்ன சம்பந்தம்?"னு கேக்காக. எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

கிறுக்கு இல்லை. முடிவு தெரியாத ஒன்றை மனசு லேசில் கீழே வைக்காது. அதிலும் செத்தவள் உங்கள் வயசு, நீங்கள் போகும் அதே பஸ்ஸில் போனவள் என்றால், "எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டால் நமக்கு நடக்காமல் பார்த்துக்கொள்ளலாம்" என்று பயம் கணக்குப் போடுகிறது. குரூப்பில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் உருப்படியாக ஏதாவது வரும். எப்போது வரும் என்று தெரியாததால்தான் கை அடிக்கடி போனைத் தேடுகிறது. தாழ்ப்பாளை மூன்று முறை பார்ப்பதும் குரூப்பை முப்பது முறை பார்ப்பதும் ஒரே வேலைதான்.

திரையில் பார்ப்பது அப்படி என்ன செய்துவிடும் என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டால் இதைச் சொல்லுங்கள். 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது. அடுத்த ஒரு வாரம் அந்தச் செய்திகளைத் தினம் 6 மணி நேரமும் அதற்கு மேலும் பார்த்தவர்களையும், சம்பவ இடத்திலேயே இருந்தவர்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். கடும் மன அழுத்தத்தின் அறிகுறிகள் திரையில் பார்த்தவர்களிடமே அதிகம் இருந்தன. 2014-இல் வெளியான ஆய்வு இது.

முதலில் படத்தை நிறுத்துங்கள். எழுத்தை விடப் படம்தான் ராத்திரியில் திரும்பி வரும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா என்ற இடத்தில் மீடியா ஆட்டோ டவுன்லோடு இருக்கும். மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் என்று மூன்று வரிகள். மூன்றிலும் போட்டோ, வீடியோ டிக்குகளை எடுத்துவிடுங்கள். பெரும்பாலோர் மொபைல் டேட்டாவை மட்டும் அணைத்துவிட்டு வைஃபையை மறந்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் எல்லாம் இறங்கிவிடும். ஏற்கெனவே கேலரியில் கிடக்கும் படங்களை அழியுங்கள். முடிந்தால் அதை வேறொருவர் கையால் செய்யச் சொல்லுங்கள். அழிக்கிற சாக்கில் இன்னொரு தடவை பார்க்க வேண்டாம்.

பிறகு மூன்று குரூப்பை ஒன்றாக்குங்கள். மிச்சமுள்ள ஒன்றை மியூட்டில் 'ஆல்வேஸ்' வைத்து ஆர்கைவ் செய்யுங்கள். வாரம் ஒரு நாள், பகல் வெளிச்சத்தில், 20 நிமிடம் மட்டும் திறந்து பாருங்கள். ஞாயிறு மதியம் என்று வைத்துக்கொள்ளலாம். இடையில் மனம் அரித்தால், கேட்க நினைப்பதை ஒரு நோட்டில் எழுதிவைத்து ஞாயிறு வரை தள்ளிப்போடுங்கள். ஞாயிறன்று பார்த்தால் பாதிக் கேள்விகளுக்கு உயிர் இருக்காது. போன் படுக்கையறைக்குள் வரக் கூடாது. அலாரத்துக்கு என்று சாக்குச் சொல்வீர்கள். ஒரு டைம்பீஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் இப்படி இருந்தும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிப் போடுகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதற்கு முன் பேசிப் பார்க்க, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரையை மட்டும் வாங்கிவிடாதீர்கள். முதல் வாரம் தூங்கவைக்கும், பிறகு அது இல்லாமல் தூங்கவிடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை நிமித்தமாக அல்லாமல், திரையில் பார்த்ததை மட்டும் வைத்து 'பிடிஎஸ்டி' (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய்) என்று அமெரிக்க மனநலக் கையேடு வகைப்படுத்துவதில்லை. குரூப்புகளில் பலர் தங்களுக்குத் தாங்களே அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்கிறார்கள். பதற்ற நோய், தூக்கமின்மை என்றுதான் பெரும்பாலும் வரும். இரண்டுக்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது.

இறந்தது என் தங்கச்சி. போலீஸ்ட்ட போனா "விசாரணை நடக்கு" என்பதோட சரி. ஆனா முன்னப்பின்ன தெரியாதவங்க ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணி, "அவ போன்ல கடைசியா யாருகூட பேசுனா?"னு கேக்காங்க. நினைவு நாள் வந்தா அந்தப் போட்டோவ மறுபடியும் போடுதாங்க. நல்ல எண்ணத்துலதான் செய்யுதாங்கன்னு தெரியுது. எங்களால தாங்க முடியல.
– பெயர் வேண்டாம், களக்காடு பக்கம்

நம் பக்கம் துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்குப் போனால் அதிகம் பேசுவதில்லை. கிளம்பும்போது "போயிட்டு வாரேன்" என்றும் சொல்லாமல்தான் எழுந்து வருகிறோம். குரூப்பில் துட்டி கேட்க வந்தவர்கள் எழுந்தே போவதில்லை. இதுதான் உங்கள் பாரம்.

வீட்டில் ஒருவரை மட்டும் பேசுவதற்கு வையுங்கள். கணவர் வழி உறவோ சித்தப்பா மகனோ, கொஞ்சம் தள்ளி நிற்பவராக இருப்பது நல்லது. அவருக்குத் தனி சிம். உங்கள் எண், அம்மா எண் யாருக்கும் போகக் கூடாது. குரூப் அட்மின்களுக்கு அவர் வழியாக நாலு வரி அனுப்புங்கள்: "இறந்த நிலையில் உள்ள படத்தைப் போட வேண்டாம். வீட்டுக்கு நேரில் வர வேண்டாம். தகவல் இருந்தால் விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். கேள்விகளுக்கு நாங்கள் பதில் சொல்ல மாட்டோம்." காரணம் எழுதாதீர்கள். காரணம் எழுதினால் விவாதம் வரும். நினைவு நாளுக்கு முன்னும் பின்னும் மூன்று நாள் உங்கள் போன் வேறொருவர் கையில் இருக்கட்டும்.

பாலியல் வன்முறையும் நடந்த வழக்கு என்றால், இறந்த பிறகும் அவள் பெயரையோ படத்தையோ வெளியிடுவது குற்றம். ஐபிசிக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ் சட்டத்தின் 72-ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை. படத்தைப் போட்டவரின் எண், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து சைபர் கிரைம் போலீஸில் கொடுக்கலாம்.

போலீஸ் பதில் சொல்லாததற்கு வருகிறோம். 2024 ஜூலை 1-க்குப் பிறகு பதிவான வழக்கு என்றால், விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிப்பது அதிகாரியின் கடமை. புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 193-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாய்ப்பேச்சில் கேட்டால் வாய்ப்பேச்சில்தான் பதில் வரும். எஃப்ஐஆர் நகல் புகார்தாரருக்கு இலவசம். பிரேதப் பரிசோதனை அறிக்கைக்கும் விண்ணப்பியுங்கள்.

குற்றவாளி பிடிபடாவிட்டால் இழப்பீடு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. ஆள் அடையாளம் தெரியாமல், வழக்கு விசாரணைக்கே வராத நிலையிலும், இறந்தவரைச் சார்ந்திருந்தவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். பிஎன்எஸ்எஸ்ஸில் 396(4), பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ(4). ஆணைக்குழு 2 மாதத்தில் விசாரித்து முடிக்க வேண்டும். திருநெல்வேலிக்கு பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் கேளுங்கள். சட்ட உதவி எண் 15100-இலும் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு.

"கண்டுபிடிக்க முடியவில்லை" என்று போலீஸ் இறுதி அறிக்கை போட்டால், அதை ஏற்றுக்கொள்ளும் முன் மாஜிஸ்திரேட் புகார்தாரருக்கு நோட்டீஸ் கொடுத்துக் கேட்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 1985-இலேயே சொல்லிவிட்டது. அந்த நோட்டீஸ் வந்த அன்றே வழக்கறிஞரைப் பாருங்கள். ஆட்சேப மனு போடுவதற்கான இடம் அதுதான். விசாரணையை மாநிலப் போலீஸின் சிறப்புப் பிரிவான சிபிசிஐடிக்கு மாற்றக் கேட்பது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில். மாற்றிவிட்டால் உடனே துலங்கிவிடும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். 2012 மார்ச் 29-இல் திருச்சியில் நடந்த தொழிலதிபர் ராமஜெயம் கொலை வழக்கு சிபிசிஐடி, சிபிஐ, சிறப்புப் புலனாய்வுக் குழு என்று கை மாறி 10 ஆண்டுகளைத் தாண்டியது. கொலை வழக்குக்குக் காலாவதி கிடையாது என்பது ஒரு பிடிமானம்.

அம்மாவைக் கவனியுங்கள். ஓராண்டு கழிந்தும் தினமும் அன்றாட வேலை நடக்காத அளவுக்குத் துக்கம் இருந்தால், அதற்கென்றே நோய்ப் பெயரும் சிகிச்சையும் இருக்கின்றன. "பெத்த வயிறு அப்படித்தான்" என்று விட்டுவிட வேண்டாம்.

நான் அட்மினா இருக்கிற குரூப்ல 400 பேர். ஒருத்தர் ஒரு ஆளோட போட்டோ, பைக் நம்பர் எல்லாம் போட்டு "இவன்தான்"னு எழுதிட்டார். நான் பார்க்கும்போது நாலு மணி நேரம் ஆயிட்டு. கேஸ் என் மேல வருமா?
– மேலப்பாளையம்

முதலில் அழியுங்கள், பிறகு கேஸைப் பற்றி யோசிக்கலாம். அட்மின் நினைத்தால் மற்றவர் போட்டதையும் எல்லாருக்கும் அழிக்க முடியும். ஆனால் அனுப்பி இரண்டு நாள் போல ஆகிவிட்டால் முடியாது. அழிப்பதற்கு முன் உங்களுக்காக ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், நாளை யார் போட்டது என்று கேள்வி வரும். பிறகு சில நாளுக்கு 'அட்மின் மட்டும் அனுப்பலாம்' என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் "ஏன் அழித்தாய், நீயும் அந்த ஆளுக்கு வேண்டியவனா, எந்தச் சாதி?" என்று அடுத்த வண்டி வரும். நம் மாவட்டத்தில் கொலையைப் பற்றிய பேச்சு மூன்றாவது வாக்கியத்தில் சாதிக்குப் போய்விடும், அட்மின்கள் அந்த மூன்றாவது வாக்கியத்துக்காகத்தான் விழித்திருக்க வேண்டும்.

வெறும் அட்மினாக மட்டும் இருந்தவரின் பெயரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்கக் கூடாது என்று மதுரைக் கிளை 2021 டிசம்பரில் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. நீங்கள் அதற்கு 'லைக்' போட்டோ வேறு குரூப்புக்குத் தட்டிவிட்டோ இருந்தால் கதை வேறு. ஃபார்வர்டு செய்தவரும் பொறுப்பாளியே என்பது சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் ஒரு வழக்கில் எடுத்த நிலைப்பாடு. அனுப்பிய செய்தி வில்லை விட்டுப் போன அம்பு மாதிரி என்றது அந்தத் தீர்ப்பு. அவதூறுக்கு பிஎன்எஸ் 356-இல் 2 ஆண்டு வரை சிறை.

"இவன்தான்" எவ்வளவு எளிதில் தப்பாகும் என்பதற்கு 2008 மே மாதம் நொய்டா போதும். சிறுமி கொல்லப்பட்டாள், வேலைக்காரரைக் காணோம், அவர்தான் கொலையாளி என்று முதல் நாள் போலீஸே சொன்னது. மறுநாள் அதே வீட்டு மொட்டை மாடியில் அவருடைய உடல் கிடைத்தது.

இன்னொரு சேதம் பலருக்குத் தெரியாது. ஒருவேளை அந்த ஆள் உண்மையிலேயே குற்றவாளி என்றே வைத்துக்கொள்வோம். நாளை பாளை மத்திய சிறையில் அடையாள அணிவகுப்பு நடத்தி, சாட்சி அவரைக் காட்டினாலும், "சாட்சி இவர் படத்தை ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டார்" என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். அணிவகுப்புக்கு மதிப்பே போய்விடும். கைதானவர் சொல்லி ஆயுதம் எடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு அவர் சொன்னது சாட்சியமாகும். ஆயுதம் கிடக்கும் கிணறு எது என்று ஊருக்கே முன்னால் தெரிந்திருந்தால் அதுவும் நிற்காது. போலீஸ் சில விவரங்களை வெளியே விடாததற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி அசட்டையாகவும் இருக்கலாம். அதற்குத்தான் மேலே சொன்ன மனுவும் மதுரைக் கிளையும்.

குரூப்ப விட்டு வெளிய வந்தா, அந்தப் பிள்ளைய எல்லாரும் மறந்த மாதிரி ஆயிடாதா? துரோகம் மாதிரி இருக்கு.
– சேரன்மகாதேவி

ஆகாது. வெட்டுப்பட்டுச் செத்தவர்களை மறக்காமல் வைத்திருப்பதில் நம் பக்கத்துக்காரர்களை விஞ்ச ஆள் கிடையாது. காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயன் சாமியாக நிற்பது அப்படித்தான். ஆனால் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு என்று ஒரு நாள் இருக்கிறது. வில்லுப்பாட்டில் கதையைச் சாவு வரைக்கும் பாடுகிறார்கள், அழுகிறார்கள், சாமியாடுகிறார்கள். விடிந்ததும் வில்லை அவிழ்த்துக் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். தினமும் பாடினால் புலவரும் தாங்க மாட்டார். வருஷத்தில் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். குரூப்பை விட்டு விலகினால் இப்போதெல்லாம் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். பிரைவசி செட்டிங்ஸில் 'குரூப்ஸ்' என்பதை 'மை காண்டாக்ட்ஸ்' ஆக்கிவிட்டால், தெரியாதவர்கள் மறுபடி இழுத்துப் போட முடியாது.

என் கடை கேமராவுல அன்னைக்கு ராத்திரி ஒரு பைக் போனது பதிவாகியிருந்தது. அப்பமே போன்ல காப்பி எடுத்து குரூப்ல போட்டேன். யாரும் கண்டுக்கல. இப்பம் அது பயன்படுமா?
– திசையன்விளை

பயன்படலாம். குரூப்பில் போட்டது உதவாது. வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், எடுத்த நேரம் போன்ற உள்விவரங்களும் போய்விடும். உங்கள் போனில் இருக்கும் மூலக் கோப்பைத் தொடாதீர்கள். வெட்டவோ பெயர் மாற்றவோ வேண்டாம். அந்தப் போனை விற்கவும் வேண்டாம்.

கேமராப் பதிவைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டி, ஹார்டு டிஸ்க் அளவைப் பொறுத்து, பெரும்பாலும் 15 முதல் 30 நாளில் பழையதன் மேலேயே எழுதிவிடும். எனவே அதில் இப்போது இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்திருந்தால் அதை எந்தக் கணினியிலும் மாட்டிப் பார்க்காதீர்கள், அப்படியே கவரில் போட்டு வையுங்கள். தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அது பொன்.

டிவிஆர் கடிகாரம் சரியாக ஓடுவது அபூர்வம். அதன் திரையையும் போன் கடிகாரத்தையும் ஒரே படத்தில் எடுத்து, எத்தனை நிமிடம் முன்பின் என்று எழுதிக்கொள்ளுங்கள். பைக் பத்து நிமிடம் முந்திப் போனதா பிந்திப் போனதா என்பதில்தான் வழக்கே நிற்கும். "சந்தேகத்துக்குரிய பைக்" என்று எழுதாதீர்கள். தேதி, நேரம், எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு, எத்தனை பேர். அவ்வளவுதான்.

கொலை வழக்கை விசாரிப்பவர் இன்ஸ்பெக்டர். அவரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்பிக்குப் பதிவுத் தபால். நீதிமன்றத்தில் காட்ட, புதுச் சாட்சியச் சட்டமான சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் கருவியின் விவரமும், கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பும் வரும். படிவத்தை போலீஸே தருவார்கள், நிரப்பிக் கையெழுத்துப் போடும் முன் தேதியை மட்டும் இரண்டு தடவை பாருங்கள்.