மேப்பில் செத்துக்கொண்டே இருந்தால் டிவைன் ஆர்ப் வாங்க வேண்டுமா?

கேள்வி: பர்கூரில் பொறியியல் படிக்கிறேன். ‘பாத் ஆஃப் எக்ஸைல்’ என்ற கணினி விளையாட்டில் கதையின் பத்து ஆக்டுகளையும் (பாகங்களையும்) முடித்துவிட்டேன். அதன்பின் வரும் மேப்களில், அதாவது தனித்தனிப் போர்க்களங்களில், இரண்டே அடியில் செத்துவிடுகிறேன். ஓசூரில் ஒருவர், விளையாட்டுக்குள் நாணயமாகப் புழங்கும் விலையுயர்ந்த டிவைன் ஆர்பை டெலிகிராம் வழியாக விற்கிறார். இரண்டாயிரம் ரூபாய் கேட்கிறார். பாஸ்வேர்டைக் கொடுத்தால் அவரே என் கணக்கில் நுழைந்து மேப்களை முடித்துத் தருவாராம். வாங்கலாமா? காசு இல்லாதவர்களுக்குக் கதை முடிந்தபின் வரும் எண்ட்கேம் கிடையாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: வாங்காதீர்கள். உங்களுக்குக் குறைவது ஆர்ப் அல்ல, ரெசிஸ்டன்ஸ். அதாவது, விழும் அடியில் எத்தனை சதவீதம் உங்களைத் தொடாமல் தடுக்கப்படுகிறது என்ற அளவு.

ஐந்தாம் ஆக்டின் முடிவில் கிடாவா என்ற பெரிய எதிரியை வீழ்த்தியதும் உங்கள் ரெசிஸ்டன்ஸ் எண்ணிலிருந்து 30 கழிக்கப்படுகிறது. பத்தாம் ஆக்டின் முடிவில் மறுபடியும் 30. நெருப்பு, குளிர், மின்னல் மூன்றுக்கும் வழக்கமான உச்சவரம்பு 75. நான்காம் ஆக்டில் 75 வைத்திருந்து, அதே கவசத்தோடு மேப்புக்கு வந்தால் கையில் மிஞ்சுவது 15 தான். நூறு அளவுள்ள நெருப்புத் தாக்குதலில் முன்பு 25 மட்டுமே உங்களைத் தொட்டது, இப்போது 85 தொடுகிறது. அடிக்கும் அரக்கன் மாறவே இல்லை, வாங்கும் அடி மட்டும் மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. உங்கள் ‘இரண்டே அடி’க்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

முதலில் கதாபாத்திரத்தின் விவரப் பலகையைத் திறந்து மூன்று எண்களையும் பாருங்கள். மோதிரம், பெல்ட், காலணி ஆகியவற்றில் உயிர்ப்புள்ளியும் ரெசிஸ்டன்ஸும் சேர்ந்து வரும் மஞ்சள் நிறப் பொருள்களைத் தேடுங்கள். சாதாரணமானவை மற்ற ஆட்டக்காரர்களிடம், விளையாட்டு நாணயத்தில் மிகக் குறைந்த விலைக்கே கிடைக்கும். பொருளில் காலி இடம் இருந்தால், உங்கள் மறைவிடத்தில் உள்ள கைவினை மேசையில் ஒரு ரெசிஸ்டன்ஸைச் சேர்த்துக்கொள்ளலாம். இதற்கெல்லாம் டிவைன் ஆர்ப் தேவையே இல்லை. 75 எட்டும்வரை அடிமட்ட அடுக்கிலுள்ள வெள்ளை மேப்களை மட்டும் ஆடுங்கள். மேப்பில் ஒவ்வொரு சாவுக்கும் அந்த நிலைக்குரிய அனுபவப் புள்ளிகளில் 10 சதவீதம் போய்விடும் என்பதால் அவசரம் நஷ்டமே தரும்.

எண்ட்கேம் வடிவமைப்பின் அடிப்படை, தேடிக் கிடைத்த பொருள் அடுத்த தேடலுக்குத் துணையாவது. இந்த விளையாட்டில் மேப்பே கீழே விழும் ஒரு பொருள்தான். அதற்குள் போனால்தான் அடுத்த மேப். பொருளைப் பணத்துக்கு வாங்கிவிட்டால் உள்ளே போவதற்கே காரணம் இராது. இதே வகை விளையாட்டான ‘டயப்லோ 3’ இதை அனுபவித்தே கற்றது. 2012இல் உண்மைப் பணத்துக்குப் பொருள் விற்கும் ஏலக்கூடத்தை அதன் நிறுவனமே திறந்தது. அரக்கர்களைக் கொன்று பொருள் சேர்ப்பது என்ற அடிப்படையையே அது குலைக்கிறது என்று ஒப்புக்கொண்டு, 2014 மார்ச்சில் மூடியது.

இனி அந்த ஓசூர்க்காரர். உண்மைப் பணத்துக்கு ஆர்ப் விற்பதும் வாங்குவதும் ‘பாத் ஆஃப் எக்ஸைல்’ நிறுவனத்தின் விதிப்படி குற்றம். கணக்கே முடக்கப்படலாம். ஆர்ப் திருட்டுக் கணக்கிலிருந்து வந்ததா என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. அதன் பயனும் பெரும்பாலும் இந்த லீக்கோடு, அதாவது எல்லோரும் புதிதாகத் தொடங்கி ஆடும் இந்தப் பருவத்தோடு, சரி. சில மாதங்களில் லீக் முடிந்ததும் நிரந்தர லீக்குக்குப் போய்விடும், புதிய லீக்கில் நீங்கள் மறுபடி வெறுங்கையோடுதான் தொடங்க வேண்டும். பாஸ்வேர்டு கேட்பது அதைவிட மோசம். விளையாட்டுகளை வாங்கி ஆடும் தளமான ஸ்டீம் வழியாக நீங்கள் நுழைபவர் என்றால், ‘மேப் முடித்துத் தருகிறேன்’ என்று வருபவர் கையில் உங்கள் ஸ்டீம் கணக்கும் அதிலுள்ள எல்லா விளையாட்டுகளும் சிக்கிவிடும். ஓடிபி கேட்டால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள்.

விளையாட்டுக்குள்ளேயும் தரகர்கள் இருக்கிறார்கள். உங்களிடம் இருப்பது போன்ற பொருளை அடிமாட்டு விலைக்குப் பட்டியலிடுவார்கள், கேட்டால் விற்க மாட்டார்கள். அந்த விலையைப் பார்த்து நீங்களும் குறைத்துப் போட்டதும் அள்ளிக்கொண்டு போவார்கள். ‘இன்றைக்கு ரேட் இறங்கிவிட்டது’ என்று சொல்லியே பெங்களூரா மாங்காயை அடித்து வாங்கும் மண்டிக்காரரைக் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பட்டியலின் முதல் சில விலைகளை நம்பாமல் கீழே இறங்கிப் பாருங்கள். போட்ட நொடியே பலர் கேட்டால் விற்காதீர்கள், விலையை உயர்த்துங்கள்.

நிறுவனத்தின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. பரிமாற்றம் எளிதானால் பொருள் தேடும் ஆர்வம் போய்விடும் என்று 2017இல் நீண்ட விளக்கம் கொடுத்தார்கள். வாதம் சரியே. ஆனால் ஓர் ஆர்பை இன்னோர் ஆர்பாக மாற்றக்கூட முன்பின் தெரியாதவரிடம் கெஞ்ச வைத்தார்களே! விளையாட்டுக்குள் நாணயப் பரிமாற்றச் சந்தை வர 2024 ஜூலை ஆயிற்று. அத்தனை ஆண்டுகள் தரகர்களுக்குத் தீனி போட்டது அந்தத் தாமதம்தான். ரெசிஸ்டன்ஸ் கழிவைப் புதியவருக்குப் புரியும்படி உரக்கச் சொல்லவும் இன்றுவரை அவர்களுக்கு மனம் வரவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் சொந்தக் கடையில் ஸ்டாஷ் டேப், அதாவது பொருள்களைச் சேமித்து வைக்கும் பெட்டி, வாங்குவது நான் எச்சரிக்கும் வகையில் சேராது. இலவசமாக நான்கு டேப்கள் தருகிறார்கள். மேப் ஆடத் தொடங்கினால் அவை சீக்கிரமே நிரம்பும். பொருள்களைப் பொதுச் சந்தையில் விற்பனைக்கு வைக்க அதற்கென்று உள்ள கட்டண டேப் வேண்டும், ஆர்ப்களுக்கும் மேப்களுக்கும் தனித்தனி டேப்கள் உண்டு. இவை உங்கள் கதாபாத்திரத்தை ஓர் இம்மியும் வலுவாக்காது, இடம் மட்டுமே தரும். லீக் முடிந்தாலும் உங்களுடனேயே இருக்கும். எனவே இரண்டாயிரத்தைச் செலவழித்தே தீருவதென்றால் இங்கே செலவழிக்கலாம். அதுவும் இப்போதே வேண்டாம். நான்கு டேப்களும் உண்மையிலேயே நிரம்பிய பிறகு, தள்ளுபடி அறிவிக்கும் வார இறுதியில் ஒன்றிரண்டு வாங்குங்கள். கடைக்குரிய பாயின்ட்களைப் பாதி விலைக்குத் தருவதாக யாராவது சொன்னால் அது இந்த விதிவிலக்கில் அடங்காது. அவரும் ஓசூர்க்காரரும் ஒன்றுதான்.

ஏற்கெனவே பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், முதலில் மின்னஞ்சலின் பாஸ்வேர்டையும், பிறகு ஸ்டீம், விளையாட்டுக் கணக்குகளின் பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள். யூபிஐ வழியே பணம் போயிருந்தால் நண்பர்களிடம் யோசனை கேட்டு நேரத்தைக் கடத்தாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.