காந்தி ரோட்டில் கேட்ட வசனம்

ஐயா, குடியாத்தத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். டிவி சீரியலுக்கு எழுத ஆசை. குடிகார அப்பாவைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. எபிசோடுக்கு ஒரு நல்ல கருத்தாவது சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். சீரியல் எழுதுகிறவன் எழுத்தாளனே இல்லை என்கிறார்கள் நண்பர்கள்.
க., குடியாத்தம்

அன்புள்ள க.,

நண்பர்கள் சொல்வதை விடுங்கள். மனோகர் ஷ்யாம் ஜோஷி இந்தியில் முக்கியமான நாவலாசிரியர், 2005-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியவர். 1984 ஜூலையில் தூர்தர்ஷனில் தொடங்கி 150 எபிசோடுகளுக்கு மேல் ஓடிய 'ஹம் லோக்' அவர் எழுதியதுதான்.

உங்கள் கருத்து விஷயத்துக்கு வருகிறேன். மெக்சிகோவில் மிகேல் சபிதோ என்ற எழுத்தாளர், தயாரிப்பாளரும் அவரே, 1975-இல் முதியோர் கல்வியை வைத்து ஒரு தொடர் எடுத்தார். அதைப் பார்த்து லட்சக்கணக்கானவர்கள் படிக்கச் சேர்ந்தார்கள். அந்த வழியில் குடும்பக் கட்டுப்பாட்டைச் சொல்லத்தான் 'ஹம் லோக்' வந்தது. முதல் 13 எபிசோடுகளில் பிரச்சாரம் தூக்கலாக இருந்தது, ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் அதைக் குறைத்து, கதையில் வரும் வீட்டின் பணக்கஷ்டத்தையும் மகள்களின் கல்யாணக் கவலையையும் முன்னால் கொண்டுவந்தார்கள். அறிவுரை சொல்ல ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்தார். பாத்திரங்கள் தங்கள் பாட்டைப் பேசினார்கள். கடிதங்கள் லட்சக்கணக்கில் குவிந்தன. அந்த வீட்டு அப்பா பஸேசர் ராமும் குடிகாரர்தான், கவனியுங்கள்.

போன மாதம் வேலூர் காந்தி ரோட்டில், சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். லாட்ஜில் தங்கிச் சமைத்துக்கொண்டு கணவருக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு வங்காள அம்மா தள்ளுவண்டியில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் இந்தியில் "சாலீஸ்", அதாவது நாற்பது, என்றார். அந்த அம்மா தமிழில், "வேணாண்ணா, கம்மி பண்ணு" என்றார். வண்டிக்காரர் பேசாமல் இரண்டு காயை எடுத்துக் கூடுதலாகப் பையில் போட்டார். எத்தனை மாதமாக இங்கே இருக்கிறார், கையில் எவ்வளவு மிச்சம், எல்லாமே அந்த ஒரு வார்த்தையில் தெரிந்துவிட்டது. நானாக உட்கார்ந்து யோசித்திருந்தால் அந்த "அண்ணா" எனக்கு வந்திருக்காது.

உங்களுக்கும் கடையில் நாள் முழுக்கப் பேச்சுதான். கேட்டதை அன்றன்றே குறித்து வையுங்கள். கருத்துகளை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு, சம்பள நாள் ராத்திரி அந்த அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போது என்ன சொல்கிறார், உள்ளிருந்து அம்மா என்ன கேட்கிறாள், அதை மட்டும் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். படித்துவிட்டு நானே கூப்பிடுகிறேன்.