பழைய ஃபிலிம் ஸ்கேனர் வாங்குவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: அப்பா எடுத்த 35 மிமீ கலர் நெகட்டிவ்கள் ஏராளமாக உள்ளன. காகிதத்தைக் கண்ணாடித் தட்டின் மேல் கிடத்தி எடுக்கும் பிளாட்பெட் ஸ்கேனர் போதுமா?

பதில்: 35 மிமீ மட்டும் என்றால், ஃபிலிமுக்கென்றே செய்யப்பட்ட ஸ்கேனரைத் தேடுங்கள். எப்சன் வி700 பிளாட்பெட்டுக்கு 6400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) என்று குறிப்பிட்டிருந்தாலும், அது உண்மையில் பிடிக்கும் நுணுக்கம் சுமார் 2300 டிபிஐயோடு நின்றுவிடுகிறது. ஃபிலிமுக்கென்றே செய்யப்பட்ட நிகான் கூல்ஸ்கேன் வி இடி (V ED) ஸ்கேனரோ, சொன்ன 4000 டிபிஐக்கு மிக அருகில் வந்து, ஒரு ஃபிரேமிலிருந்து சுமார் 21 மெகாபிக்சல் படம் தருகிறது. 35 மிமீயைவிட அகலமான 120 ஃபிலிமும் கலந்திருந்தால் மட்டும் பிளாட்பெட் பொருத்தமானது.

கேள்வி: கூல்ஸ்கேன் ஒன்று விலைக்கு வருகிறது. "நன்றாக ஓடுகிறது" என்கிறார் விற்பவர். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: ஓடுகிறது என்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். இவை இருபதாண்டு பழையவை. உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடியில் (மிரர்) தூசியோ, நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சையோ படிந்திருந்தாலும் மோட்டார் ஓடும், படமும் வரும். இருட்டறையில் வெளிச்சமான ஜன்னல் தெரிவது போன்ற ஒரு ஸ்லைடை (சட்டத்தில் பொருத்திய பாசிட்டிவ் ஃபிலிம்) ஸ்கேன் செய்து, எந்தத் திருத்தமும் செய்யாமல் அனுப்பச் சொல்லுங்கள். ஜன்னல் சட்டத்தின் கறுப்புக்குள் வெண்மை புகைபோல் கசிந்திருந்தால், கண்ணாடியைச் சுத்தம் செய்தாக வேண்டும். அதற்குக் கருவியைப் பிரிக்கத் தெரிந்தவர் தேவை. துண்டு நெகட்டிவுக்கான எஸ்ஏ-21, ஸ்லைடுக்கான எம்ஏ-21 ஆகிய அடாப்டர்களில் உங்களுக்கு வேண்டியது உடன் வருகிறதா என்றும் கேளுங்கள். மாடலின் பெயரைவிட இந்த இரண்டு விடைகளே எனக்கு முக்கியம்.

கேள்வி: புதிய கணினியோடு அது இணையுமா?

பதில்: கூல்ஸ்கேன் மாடல்களில் வி இடி, 5000 இடி இரண்டும் யுஎஸ்பியில் இணையும். 4000 இடி, 9000 இடி ஆகியவற்றுக்கு ஃபயர்வயர் என்ற பழைய வகை இணைப்பு வேண்டும், இன்றைய மடிக்கணினிகளில் அது கிடையாது. நிகானின் சொந்த மென்பொருள் கைவிடப்பட்டு வெகுகாலமாகிவிட்டதால், வியூஸ்கேன் அல்லது சில்வர்ஃபாஸ்ட் போன்ற வேறு ஸ்கேன் மென்பொருளுக்கு ஆகும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. டிஜிட்டல் ஐஸ் உள்ள ஸ்கேனருக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஐஸ் என்பது அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சித் தூசியையும் கீறலையும் கண்டுபிடிக்கும் முறை. கலர் ஃபிலிமின் சாயம் அந்த ஒளியைத் தன் வழியே கடந்துபோக விட்டுவிடும். கறுப்பு வெள்ளை ஃபிலிமின் வெள்ளித் துகளோ தூசியைப் போலவே மறித்துவிடுவதால், ஐஸ் படத்தையே அழுக்கென்று எண்ணி அழித்துவிடும். அகச்சிவப்பு வசதி இல்லாத பிளஸ்டெக் 8100 உங்களுக்குப் போதும். மிச்சமாகும் பணத்தில் தூசி ஊதும் பம்பும் நல்ல கையுறையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வி700 மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் ஃபிலிம் ஹோல்டர் இல்லை. கண்ணாடி மேலேயே நெகட்டிவை வைத்தால் என்ன?

பதில்: ஹோல்டரில் வைக்கும் ஃபிலிமுக்கென அதில் தனி லென்ஸ் உண்டு, அதன் ஃபோகஸ் கண்ணாடிக்குச் சுமார் 3 மிமீ மேலே விழும்படி அமைத்திருக்கிறார்கள். கண்ணாடி மேல் கிடக்கும் நெகட்டிவ் அந்த உயரத்துக்கு வராது. ஹோல்டரின் விலையை முதலில் விசாரித்துவிட்டு, அதன் பிறகு பேரம் பேசுங்கள்.