பழைய பாகம் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

தக்கலை வாசகி: அண்ணாச்சி, அரசு வண்டிகளை ரிப்பேர் பார்க்கும் பணிமனையில் ஸ்டோர் பொறுப்புக்கு மாறுதலாகி வந்து மூன்று மாதம் ஆகிறது. இங்கே இண்டென்ட் (சாமான் கேட்கும் சீட்டு) எழுதுவதும், சாமானை எடுத்துப் போவதும், 'மாட்டியாச்சு' என்று ஜாப் கார்டில் (வண்டிக்குச் செய்த வேலையை எழுதும் தாள்) எழுதுவதும் ஒரே ஆள்தான். சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு தாளை மொத்தமாகக் கொண்டுவந்து வைப்பார்கள், நான் கையெழுத்துப் போடுவேன். ஒரு நாள் கேட்டதற்கு, "இருபது வருசமா இப்பிடித்தான் நடக்கு, எங்கள சந்தேகப்படுதியளா" என்று கோபித்துக்கொண்டார்கள். ஆடிட் வந்தால் நான் மாட்டுவேனா?

பதில்: மாட்டுவீர்கள் தங்கச்சி. ஸ்டோர் கையெழுத்து உங்களுடையது, கேள்வியும் உங்களிடம்தான் வரும். அதனால் முதலில் நான் ஒன்று கேட்கிறேன்: பொறுப்பு எடுத்த அன்று ரேக்கில் இருந்த சாமானை எண்ணினீர்களா, இல்லை ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருந்ததை நம்பிக் கையெழுத்துப் போட்டீர்களா? நானும் ஸ்டோரில் இருந்தவன். ஒரு இடத்தில் சார்ஜ் எடுத்தபோது, முன்னால் இருந்தவர் மூத்தவர், அவர் எதிரில் நின்று எண்ணினால் மரியாதைக்குறைவாக இருக்குமே என்று நினைத்து, சாமானை எண்ணாமல் விட்டுவிட்டேன். ஆறு மாதம் கழித்துத் தணிக்கை வந்தது. ரிஜிஸ்டரில் நாலு பேட்டரி, ரேக்கில் ஒன்று. அந்த மூன்றும் என் சம்பளத்தில்தான் பிடித்தம் ஆனது. அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம். மூன்று மாதம் ஆனாலும் பரவாயில்லை, இந்த வாரமே இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு பேட்டரி, டயர், கிளட்ச் பிளேட், ஆயில் நாலையுமாவது எண்ணி, அளந்து, குறைந்தது கூடினது எல்லாவற்றையும் எழுதி மேலதிகாரிக்குக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்கிவிடுங்கள்.

அப்புறம் அந்தச் சாயங்காலக் கையெழுத்தை நிறுத்துங்கள். சண்டை போட்டு அல்ல, ஒரே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தால் போதும்: பழைய பாகம் மேஜைக்கு வந்தால்தான் புதுப் பாகம் வெளியே போகும். வண்டி எண்ணும் தேதியும் எழுதின அட்டையை அந்தப் பழைய பாகத்தில் கட்டி, மேலே பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், அதே பாகம் அடுத்த மாதம் இன்னொரு வண்டியின் பெயரில் திரும்பி வராமல் இருக்கும். கிளட்ச் பிளேட் வந்தால் கையில் வாங்கிப் பாருங்கள். மேலே இருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் தேய்ந்து, அதைப் பிடித்திருக்கும் ரிவிட் ஆணியின் தலை தட்டுப்பட்டால் அது உழைத்து வந்த பிளேட். லைனிங் கனமாக இருந்து, எண்ணெய் இறங்கின கறையோ கருகின வாடையோ எதுவும் இல்லையென்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நம்ம ஊரில் இன்னொரு அடையாளமும் இருக்கிறது. குளச்சல், முட்டம் பக்கம் வருஷக்கணக்கில் ஓடின வண்டியின் சைலன்சர் உப்புக்காற்றில் துரு ஏறித்தான் கழன்று வரும். பளபளவென்று ஒன்று வந்தால் அது அந்த வண்டியில் இருந்ததுதானா என்று பாருங்கள்.

டயர், பேட்டரி இரண்டிலும் நிறுவனமே போட்ட சீரியல் நம்பர் இருக்கும். கொடுக்கும்போதே ஜாப் கார்டில் அதை எழுதுங்கள், 'பேட்டரி – 1' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. ஆயில்தான் கண்ணுக்குத் தெரியாமல் போகிற சாமான். பெரிய பேரலில் 210 லிட்டர் வரும். வாரம் ஒரு முறை அளவுகோலை விட்டுப் பாருங்கள், ஜாப் கார்டுகளில் எழுதின லிட்டரைக் கூட்டினால் அது இறங்கின அளவோடு ஒத்துப்போக வேண்டும். இறக்கின கழிவு ஆயிலையும் அளக்கச் சொல்லுங்கள். எஞ்சின் கொஞ்சம் குடிக்கும், சரி, ஆனால் பேரல் பேரலாக ஆயில் மாற்றினதாகக் கணக்கு இருக்கும் இடத்தில் கழிவு ஆயில் நாலு கேன்தான் என்றால், மீதி எந்த வண்டிக்குள்ளும் போகவில்லை என்று அர்த்தம். கழிவு ஆயிலைக் கண்ட ஆளுக்கு விற்கவும் கூடாது, 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரருக்குத்தான் போக வேண்டும். அந்த ரசீதும் உங்களுக்கு ஒரு கணக்கு.

"ஆள் இல்லை, எல்லாத்தையும் ஒருத்தர்தான் பார்க்கணும்" என்பார்கள். வண்டி கொண்டுவந்த டிரைவர் அங்கேதானே நிற்கிறார்? மாட்டினதைப் பார்த்தேன் என்று அவர் கையெழுத்துப் போடட்டும். கோபித்துக்கொண்ட அந்த மெக்கானிக்கிடமும் உட்கார்ந்து பேசுங்கள். நாளைக்கு ஒரு சாமான் குறைந்தால் முதலில் அவர் பெயர்தான் அடிபடும். அவர் யோக்கியர் என்று காட்ட இன்றைக்கு அவர் கையில் ஒரு தாளும் இல்லை, அந்தத் தாளைத்தான் நீங்கள் உண்டாக்குகிறீர்கள்.

குளச்சல் வாசகர்: நான் அரசு ஜீப் ஓட்டுகிறேன். பிரேக் ஷூ மாற்றியதாக எழுதித் தந்தார்கள், இரண்டு வாரத்தில் அதே கீச்சுச் சத்தம். 'திருப்தி' என்று கையெழுத்தும் போட்டுவிட்டேன். இனி என்ன செய்வது?

பதில்: இன்றே லாக் புக்கில் (வண்டி ஓடின கணக்கு எழுதும் புத்தகம்) தேதி, கிலோமீட்டர், என்ன சத்தம், எந்தச் சக்கரம் என்று எழுதி உங்கள் அதிகாரியிடம் காட்டுங்கள். பணிமனைக்கும் ஒரு கடிதம் போகட்டும், டிரம்மைக் கழற்றும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். தூசி அடைத்தாலும் டிரம் தேய்ந்திருந்தாலும் சத்தம் வரும், அதனால் எடுத்த எடுப்பில் யார்மேலும் பழி போட வேண்டாம். கழற்றினால் பழைய ஷூவா புது ஷூவா என்பது தெரிந்துவிடும். இனிமேல் ஓட்டிப் பார்க்காமல் 'திருப்தி' போடாதீர்கள். மணி அடிக்கும் நேரம், சாவியைக் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள், இருந்தாலும் ஒரு ரவுண்டு போய்விட்டு வாருங்கள். பேச்சிப்பாறை இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கப்போவது நீங்கள்தானே தம்பி, பின்சீட்டிலும் ஆள் இருக்கும்.

பூதப்பாண்டி வாசகர்: ஒரு அரசு அலுவலக வளாகத்தில் பழைய ஜீப் ஒன்று வருஷக்கணக்கில் மழையில் நிற்கிறது. முதலில் ஸ்டெப்னி போனது, இப்போது பேட்டரியும் இல்லை. சாதாரண ஆள் நான் கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டம் 2005-இன்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஏன் இப்படிக் கிடக்கிறது' என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேளுங்கள்: கடைசியாக ஓடின தேதி உள்ள லாக் புக் பக்கம், வண்டி இனி உதவாது என்று கழித்துவிட்ட உத்தரவு, அன்றைக்கு வண்டியில் இருந்த பாகங்களின் பட்டியல். ஆவணத்தை நேரில் பார்வையிடும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது, மனுவிலேயே கேட்டுவிடுங்கள். பதிவாகி 15 வருஷம் தாண்டின அரசு வண்டிகளின் பதிவு செல்லாது என்ற மத்திய அரசு விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, அதனால் வண்டி பதிவான தேதியையும் சேர்த்துக் கேளுங்கள். பட்டியலில் பேட்டரியும் ஸ்டெப்னியும் இருந்தால், அடுத்த மனுவை எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், சேர்ந்து எழுதுவோம்.