நீவலாம், சொடக்கு எடுக்கக் கூடாது

கேள்வி: என் கணவருக்கு வயது 58. பைபாஸ் ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம் ஆகிறது. கழுத்திலும் தோளிலும் வலி, இரவில் தூக்கமே இல்லை. ஆஸ்டியோபதியில் கையாலேயே சரிசெய்வார்கள் என்கிறார் என் தம்பி. அழைத்துப் போகலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: போகலாம் அம்மா. ஆனால், அந்தக் கை என்ன செய்யப்போகிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

நெஞ்செலும்பை நெடுக அறுத்து, இரு பக்கமும் விரித்து வைத்துத்தான் பைபாஸ் செய்கிறார்கள். விரிக்கும்போது மேல் விலா எலும்புகள் முறுக்கிக்கொள்ளும். கழுத்தின் பக்கவாட்டுத் தசைகள் அந்த விலாக்களில்தான் வந்து பிடித்திருக்கின்றன. வீட்டுக்கு வந்தபின் தையலுக்குப் பயந்து ஆள் கூனியே உட்கார்ந்திருப்பார். இருமும்போது நெஞ்சோடு தலையணையை அணைத்துக்கொள்கிறாரா? நல்லது, செய்யட்டும். அப்போது அவர் தோள்களைப் பாருங்கள், காதுவரை ஏறியிருக்கும். இப்படி வருகிறவர்களுக்கு நான் முதலில் விரல் வைப்பது காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில். தொட்டதும், "இங்கேதான், இங்கேதான்" என்பார்கள்.

ஆஸ்டியோபதி 1874-இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய முறை. அதில் மென்மையான வழிகள் உண்டு. பிடரிக்கு அடியில் விரல் நுனிகளைக் கொடுத்து, தலையின் கனத்திலேயே தசையைத் தளரவிடுவது ஒன்று. தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலிலேயே செய்யலாம். நெஞ்செலும்பு நன்றாகக் கூட 8 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை குப்புறப் படுக்கவைத்து முதுகை அமுக்குவதோ, கையைப் பிடித்து இழுப்பதோ வேண்டாம்.

கழுத்தைத் திருகி 'மடக்'கென்று சொடக்கு எடுப்பது அவருக்கு எப்போதுமே வேண்டாம். முடி வெட்டியதும் சலூனில் எடுப்பார்களே, அதுவும் சேர்த்துத்தான். இதயக் குழாயில் கொழுப்பு படிந்தவருக்குக் கழுத்துக் குழாயிலும் படிந்திருக்கலாம். திருகும்போது குழாயின் உள்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வேறு சாப்பிடுவார்.

நடந்தால் வந்து, உட்கார்ந்தால் குறையும் கழுத்து வலி, நெஞ்செலும்பில் 'க்ளிக்' சத்தம், காய்ச்சல், தையலில் கசிவு, சுண்டுவிரல் மரத்துப்போவது: இதில் ஒன்று இருந்தாலும் முதலில் ஆபரேஷன் செய்த டாக்டரைப் பாருங்கள். வியர்த்துக் கொட்டி மூச்சு வாங்கினால் உடனே 108.

எதுவும் இல்லையா, சரி. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு, இதய நோயாளிகளைப் பார்த்துப் பழகிய, ஆஸ்டியோபதியும் தெரிந்த பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். உயரமான தலையணை வைத்துப் படுக்கிறார் என்றால், இன்றிரவே அதை மாற்றி, ஒரு துண்டைச் சுருட்டிப் பிடரிக்கு அடியில் கொடுத்துப் பாருங்கள்.